ஃபர்னஸ் ஏன் பாதியில் நிற்கிறது?

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எரியத் தொடங்கிய சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. சில நிமிடம் கழித்துத் தானாகவே எரிகிறது, மறுபடி நிற்கிறது. ஏன் என்ற கேள்வி கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எழுகிறது, விடைகளுக்கும் பஞ்சமில்லை. வடிகட்டியை மாற்றினால் சரியாகும் என்பார் ஒருவர். சுடரை உணரும் கோலைத் துடைக்கச் சொல்வார் இன்னொருவர். வீட்டின் தேவைக்கு மீறிய ஃபர்னஸைப் பொருத்திவிட்டார்கள், தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது, வெளிக்குழாயைப் பனி அடைத்துவிட்டது என்று விடைகள் நீளும்.

இவற்றில் முழுக்கப் பொய்யான விடை எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு வகை ஃபர்னஸைப் பார்த்துப் பிறந்தது. அந்தச் சூழலிலிருந்து பெயர்த்து எல்லா ஃபர்னஸுக்கும் பொருத்தும்போதுதான் சிக்கல் வருகிறது. முக்கியமான விடைகள் எவை, அவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. பேசப்படுவது இயற்கை எரிவாயுவில் எரிந்து, காற்றைச் சூடாக்கி, குழாய்கள் வழியாக அறைகளுக்கு அனுப்பும் ஃபர்னஸ். வட அமெரிக்க வீடுகளில் மிகப் பரவலான வகை இது. டொரன்டோவின் ஸ்கார்பரோவிலும் நகரை ஒட்டிய மார்க்கத்திலும் வாழும் தமிழர் வீடுகளின் நிலவறைகளில் இருப்பதும் பெரும்பாலும் இதுவே.

ஒரு சுற்றின் ஒழுங்கு

விடைகளை எடைபோட, ஃபர்னஸ் ஒரு முறை எரிந்து அடங்குவதற்குள் என்னென்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும் எரிவாயு திறந்துவிடுவதில்லை. முதலில் புகையை வெளியே தள்ளும் சிறு விசிறி சுழல்கிறது. அது போதிய இழுவையை உண்டாக்கியதா என்பதை பிரஷர் சுவிட்ச் உறுதிசெய்கிறது. பிறகு பற்றவைக்கும் துண்டு சிவக்கச் சூடாகிறது, எரிவாயு வால்வு திறக்கிறது, சுடர் பிடிக்கிறது. சுடர் உண்மையிலேயே எரிகிறது என்பதை ஃபிளேம் சென்சர் என்னும் மெல்லிய உலோகக் கோல் சில விநாடிகளுக்குள் கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தெரிவிக்க வேண்டும். வெப்பப் பரிமாற்றி சூடேறியதும், ஏறத்தாழ அரை நிமிடத்தில், பெரிய ஊதுவிசிறி இயங்கி அறைகளுக்குச் சூடான காற்றை அனுப்புகிறது.

இவ்வளவும் நடக்கும்போது பரிமாற்றியின் வெப்பம் எல்லை தாண்டுகிறதா என்பதை லிமிட் சுவிட்சும், சுடர் தன் அறையை விட்டு வெளியே நீள்கிறதா என்பதை ரோல்அவுட் சுவிட்சும் கண்காணிக்கின்றன. இவற்றில் எது ஐயப்பட்டாலும் எரிவாயு மூடப்படும். ஆகவே ஃபர்னஸ் இடையில் நின்றால், பெரும்பாலான நேரங்களில் ஏதோ ஒரு காவல் தன் வேலையைச் செய்திருக்கிறது. எந்தக் காவல், எதைக் கண்டு என்பதே கேள்வியின் சாரம்.

காவல்கள் கூடிய வரலாறு

நிலக்கரி ஃபர்னஸ்களின் காலத்தில் கவலை வேறு விதமாக இருந்தது. நெருப்பு தணிந்துபோகும், அல்லது மிஞ்சிப்போகும். யாராவது நிலவறைக்கு இறங்கிக் காற்றுக் கதவைச் சரிசெய்ய வேண்டும். 1883இல் விஸ்கான்சின் மாநிலப் பேராசிரியர் வாரன் ஜான்சன் மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். வகுப்பறை குளிர்ந்தால் கீழே இருக்கும் பணியாளுக்கு மணி அடித்துச் சொல்லும் ஏற்பாடு அது. மினியாபொலிஸில் ஆல்பர்ட் பட்ஸ் 1885இல் உருவாக்கிய கருவி, பணியாளின் உதவி இல்லாமலே காற்றுக் கதவைத் திறந்து மூடியது. பின்னாளைய ஹனிவெல் நிறுவனத்தின் வேர்களில் ஒன்று அதுதான். நியூஜெர்சியின் மோரிஸ்டவுனைச் சேர்ந்த ஆலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண் 1919இல் எரிவாயுவால் வீட்டைச் சூடாக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வெப்பத்தை அறைவாரியாகக் கட்டுப்படுத்தும் எண்ணம் அதில் இருந்தது.

எரிவாயு பரவியபோது அச்சமும் கூடவே வந்தது. அணைந்த நிலக்கரி அறையைக் குளிரவிடும். சுடர் இல்லாமல் கசியும் எரிவாயு வீட்டையே வெடிக்கச் செய்யலாம். அதனால் எப்போதும் எரியும் சிறு பைலட் சுடரும், அதன் வெப்பத்தில் சுமார் 30 மில்லிவோல்ட் மின்னழுத்தம் தரும் தெர்மோகப்பிளும் வந்தன. பைலட் அணைந்தால் தெர்மோகப்பிள் குளிரும், வால்வு மூடும். அந்தக் காலத்தில் “ஃபர்னஸ் நின்றுவிட்டது” என்றால் முதலில் பார்க்க வேண்டியது பைலட்டையும் தெர்மோகப்பிளையும்தான்.

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் சிக்கனம் முதன்மை பெற்றது. நாள் முழுதும் எரியும் பைலட் வீண் என்று ஒதுக்கப்பட்டு மின்னால் பற்றவைக்கும் முறை வந்தது. 1980களில், புகையிலுள்ள நீராவியையும் குளிர்வித்து அதன் வெப்பத்தைப் பிடிக்கும் உயர்திறன் ஃபர்னஸ்கள் சந்தைக்கு வந்தன. கனடா 2009 இறுதியில் எரிவாயு ஃபர்னஸ்களுக்கு 90 சதவீத ஆண்டுத் திறனையும், 2019 ஜூலையில் 95 சதவீதத்தையும் குறைந்தபட்ச வரம்பாக்கியது. திறன் ஏறிய ஒவ்வொரு படியிலும் புதிய உறுப்பு ஒன்று சேர்ந்தது. அதைக் கண்காணிக்கும் காவலும் சேர்ந்தது. இன்றைய ஃபர்னஸ் நிற்பதற்கான காரணங்கள் 1950ஆம் ஆண்டு ஃபர்னஸுக்கு இருந்தவற்றைவிட அதிகம். பழைய ஃபர்னஸ்கள் உறுதியானவை, புதியவை நோஞ்சான்கள் என்ற பரவலான எண்ணத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பழையவற்றுக்குக் கவனிக்க வேண்டியவையே குறைவு.

முதல் விடை: காற்று போதவில்லை

மிகவும் புழக்கத்தில் உள்ள விடை இது. வடிகட்டி அழுக்கேறினால் பரிமாற்றியின் மீது பாயும் காற்று குறைகிறது. எரியும் வாயு அதே அளவு வெப்பத்தைத் தருகிறது; எடுத்துச் செல்லக் காற்று இல்லை. வெப்பம் தேங்கி லிமிட் சுவிட்ச் திறக்கிறது, சுடர் அணைகிறது, ஊதுவிசிறி மட்டும் ஓடிக் குளிர்விக்கிறது. குளிர்ந்ததும் சுவிட்ச் தானாக மூடி, சுற்று புதிதாகத் தொடங்குகிறது. வீடு மட்டும் கேட்ட வெப்பத்தை எட்டுவதேயில்லை.

இதன் வலிமை எளிய கணக்கில் இருக்கிறது. மணிக்கு 60,000 பிடியூ (பிரிட்டிஷ் வெப்ப அலகு) வெப்பத்தைக் காற்றுக்குத் தரும் ஃபர்னஸ், காற்றின் வெப்பத்தை 50 பாரன்ஹீட் பாகை உயர்த்த வேண்டுமானால் நிமிடத்துக்குச் சுமார் 1,100 கன அடி காற்று ஓட வேண்டும். காற்று பாதியானால் உயர்வு இரட்டிக்கும். அனுமதிக்கப்பட்ட உயர்வின் வரம்பு ஃபர்னஸின் பெயர்ப்பலகையிலேயே அச்சிட்டிருக்கும். உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்து அந்த வரம்போடு ஒப்பிட்டால், காற்றோட்டத்தின் மீதான குற்றச்சாட்டு நிற்குமா விழுமா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

பலவீனம், இந்த விடை வடிகட்டியோடு நின்றுவிடுவது. குளிர்சாதனத்துக்காக ஃபர்னஸின் தலைமேல் பொருத்திய சுருள் தூசியால் மூடியிருக்கலாம். ஊதுவிசிறியின் இறகுகளில் அழுக்கு படிந்திருக்கலாம். அதன் கப்பாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். குழாய்களே தொடக்கத்திலிருந்து சிறியனவாக இருக்கலாம். ஆளில்லாத அறைகளின் காற்றுவாய்களை மூடினால் செலவு மிச்சம் என்ற நம்பிக்கையும் காற்றை நெரிக்கிறது. மேல்தளத்தில் வீட்டுக்காரர், நிலவறையில் வாடகைக்காரர் என ஒரே ஃபர்னஸைப் பகிரும் வீடுகளில் ஒருவர் மூடும் வாய் மற்றவர் வீட்டின் வெப்பத்தையும் பாதிக்கும்.

வடிகட்டி பற்றியே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரே 1999இல் கொண்டுவந்த மெர்வ் தரவரிசை, வடிகட்டி எவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்கிறது என்று சொல்கிறது. கொரோனா பரவிய 2020இல் மெர்வ் 13 பரிந்துரைக்கப்பட்டதும் பல வீடுகள் நுண்ணிய வடிகட்டிக்கு மாறின. ஒரு அங்குலத் தடிமனில் அத்தகைய வடிகட்டியைப் போட்டால் காற்றோட்டம் குறையும் என்று தொழில்நுட்பர்கள் எச்சரிக்கிறார்கள். மெர்வ் எண் பிடிக்கும் திறனைத்தான் சொல்கிறது, தடையைச் சொல்வதில்லை என்பது எதிர்வாதம். நான்கைந்து அங்குலத் தடிமனில் மடிப்புகள் நிறைந்த வடிகட்டிக்குப் பரப்பு அதிகம். நுண்மை இருந்தும் தடை குறைவாக இருக்க முடியும். இரு தரப்பும் வெவ்வேறு வடிகட்டியை மனத்தில் வைத்துப் பேசுவதால் வாதம் முடிவதில்லை.

மோட்டாரின் மாற்றமும் இந்த விடையைச் சற்று மங்கலாக்கியது. பழைய வகை மோட்டார் தடை கூடினால் காற்றைக் குறைத்துவிடும். காற்றின் அளவை நிலையாக வைக்கும்படி அமைந்த இன்றைய இசிஎம் மோட்டார்கள் கூடுதல் மின்சாரம் இழுத்து அந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்கும். அடைப்பு மின்கட்டணத்தில் முதலில் தெரியும். லிமிட் சுவிட்ச் திறப்பது பிறகுதான்.

இரண்டாம் விடை: சுடர் கண்ணில் படவில்லை

சுடர் பிடிக்கிறது, மூன்று முதல் பத்து விநாடிகளில் அணைகிறது, இரண்டு மூன்று முறை முயன்று அடங்கிவிடுகிறது. இந்த அறிகுறியைப் பார்த்ததும் தொழில்நுட்பர்கள் ஃபிளேம் சென்சரைத்தான் முதலில் ஐயப்படுவார்கள்.

இதன் அடிப்படை நுட்பமானது. சுடருக்குள் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். கோலுக்கும் பர்னருக்கும் இடையே மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. பர்னரின் பரப்பு கோலின் பரப்பைவிடப் பல மடங்கு பெரிது என்பதால் மின்னோட்டம் ஒரு திசையில் அதிகமாகப் பாய்கிறது. பலகை தேடுவது அந்த ஒருதிசை மின்னோட்டத்தை. அளவு சில மைக்ரோஆம்பியர்தான். கோல் எங்காவது உலோகத்தில் பட்டுக் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் கிடைப்பது மாறுதிசை மின்னோட்டமாக இருக்கும், பலகை ஏமாறாது. தெர்மோகப்பிள் குளிர்ந்து செய்தி சொல்ல அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். இந்த முறை ஏறத்தாழ உடனே சொல்லிவிடும்.

ஆனால் இவ்வளவு சிறிய மின்னோட்டத்தை ஒரு மெல்லிய படிவே தடுத்துவிட முடியும். காற்றிலுள்ள தூசும் சிலிக்கன் சேர்மங்களும் சுடரில் எரிந்து கோலின் மீது மின்கடத்தாத படலமாகின்றன. எரிவாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, கோலைக் கழற்றி மெல்லிய உலோக நார்ப் பஞ்சால் துடைத்தால் பல நேரங்களில் ஃபர்னஸ் இயல்புக்குத் திரும்புகிறது. துடைப்பதற்கு எதைப் பயன்படுத்துவது என்பதிலும் தொழிலுக்குள் சச்சரவு உண்டு. மணல்தாள் கோலில் கீறல் விட்டு அடுத்த படிவுக்கு இடம் தரும் என்பது ஒரு கருத்து. அந்தக் கீறலால் பெரிய வேறுபாடு இல்லை என்பது மற்றது.

குறை என்னவென்றால், துடைப்பது பலன் தருவதாலேயே நோய் அதுதான் என்று முடிவுகட்டப்படுகிறது. துருப்பிடித்த பர்னர், தளர்ந்த நிலக்கம்பி இணைப்பு, இடம் மாறிப் பூட்டிய மின்கம்பிகள், குறைந்த எரிவாயு அழுத்தத்தால் மெலிந்த சுடர் ஆகியவையும் அதே அறிகுறியைத் தரும். விளிம்பில் இருக்கும் மின்னோட்டத்தைத் துடைப்பு சற்று மேலே தள்ளிவிடலாம். வேர்க்காரணம் அப்படியே இருக்கும். சில வாரங்களில் மறுபடி துடைக்க வேண்டி வந்தால் கோலைத் தாண்டித் தேடுவதே முறை.

மூன்றாம் விடை: புகையும் நீரும் போக வழியில்லை

உயர்திறன் ஃபர்னஸ்கள் வந்த பிறகே இந்த விடை வலுப்பெற்றது. பழைய ஃபர்னஸில் சூடான புகை தானாகப் புகைபோக்கி வழியே ஏறியது. நீராவியையும் குளிர்வித்து வெப்பத்தைக் கறக்கும் ஃபர்னஸில் புகை வெதுவெதுப்பாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே விசிறி தேவைப்படுகிறது, சுவர் வழியாகப் பிளாஸ்டிக் குழாய் போதுமானதாகிறது, கூடவே லேசான அமிலத்தன்மையுள்ள நீரும் சேர்கிறது. தொடர்ந்து எரியும் குளிர்நாளில் பல லிட்டர் நீர் வடிகால் வழியே போக வேண்டும்.

அந்த வடிகால் பாசியாலோ கசடாலோ அடைபட்டாலும், குளிரான இடத்தைக் கடக்கும் குழாயில் உறைந்தாலும் நீர் உள்ளே தேங்கும். இழுவை குறையும், பிரஷர் சுவிட்ச் திறக்கும், ஃபர்னஸ் நிற்கும். வெளிச்சுவரில் உள்ள குழாய் வாய்களைப் பனிக்குவியல் மூடினாலும் இதே கதிதான். காற்று ஒரு குறிப்பிட்ட திசையில் வீசும் இரவுகளில் மட்டும் நிற்கும் ஃபர்னஸுக்கு இந்த விடை நன்றாகப் பொருந்துகிறது.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, பிரஷர் சுவிட்சையே குற்றவாளியாக்கி மாற்றிவிடுவது. சுவிட்ச் பழுதாவதும் உண்டு. அதன் சிறு ரப்பர் குழாய் வெடித்திருப்பதும் உண்டு. ஆனால் அது சரியாகச் சொன்ன செய்தியைக் கேளாமல் அதை மாற்றுவது, காய்ச்சல்காரனுக்கு வெப்பமானியை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

நான்காம் விடை: ஃபர்னஸ் வீட்டை மிஞ்சியது

முதல் மூன்று விடைகளும் ஏதோ ஒன்று கெட்டுவிட்டதாகக் கொள்கின்றன. நான்காவது, எதுவும் கெடவில்லை என்கிறது. தேவைக்கு மீறிய ஃபர்னஸ் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தை விரைவில் சூடாக்கி நிற்கிறது. மூலை அறைகள் குளிர்ந்தே கிடக்கின்றன. சிறிது நேரத்தில் மறுபடி எரிகிறது.

இதன் வேர் பழைய வீடுகளில் இருக்கிறது. காற்றுப் புகும் சுவர்களும் ஒற்றைக் கண்ணாடிச் சன்னல்களும் இருந்த காலத்தில் பொருத்திய அளவையே, வீட்டுக்குக் காப்புப் பொருளும் இரட்டைக் கண்ணாடியும் வந்த பிறகும் ஒப்பந்தக்காரர்கள் திரும்பப் பொருத்தினார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்ற தோராயக் கணக்கு மிகுதியின் பக்கமே சாய்ந்தது. கடுங்குளிரில் வீடு சூடாகவில்லை என்ற அழைப்பு வந்துவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. இதற்கு மாற்றாக அமெரிக்காவில் மேனுவல் ஜே, கனடாவில் சிஎஸ்ஏ எஃப்280 ஆகிய கணக்கிடும் முறைகள் உருவாயின. சுவர், சன்னல், காற்றுக் கசிவு, அந்த ஊரின் வடிவமைப்பு வெப்பநிலை என ஒவ்வொன்றையும் சேர்த்து வீடு இழக்கும் வெப்பத்தைக் கணக்கிட அவை சொல்கின்றன.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: வெளியே மைனஸ் 18 செல்சியஸ் பாகை, உள்ளே 21 பாகை இருக்கும்போது ஒரு வீடு மணிக்கு 40,000 பிடியூ இழக்கிறது, அங்கே 1,00,000 பிடியூ தரும் ஃபர்னஸ் இருக்கிறது. மிகக் குளிர்ந்த நாளிலேயே அது நேரத்தில் 40 சதவீதம்தான் எரியும். வெளியே 5 பாகையாக இருக்கும் நாளில் மணிக்குப் பத்து நிமிடம் எரிந்தால் போதும். அதுவும் இரண்டு மூன்று சுற்றுகளாகப் பிரியும்போது ஒவ்வொரு சுற்றும் மூன்று முதல் ஐந்து நிமிடம். வீட்டுக்காரர் கண்ணுக்கு இது பழுதாகவே படும்.

பலவீனங்கள் இரண்டு. பத்தாண்டுகள் ஒழுங்காக ஓடிய ஃபர்னஸ் இந்த வாரம் நிற்கத் தொடங்கினால், அதன் அளவு இந்த வாரம் மாறிவிடவில்லை. வேறு காரணம் தேட வேண்டும். அடுத்தது, குறுகிய சுற்றுகளால் எரிபொருள் பெரிதும் வீணாகிறது என்ற கூற்று. திறந்த புகைபோக்கி கொண்ட பழைய ஃபர்னஸ்களில், நின்றிருக்கும் நேரத்திலும் வீட்டின் வெப்பம் புகைபோக்கி வழியே போய்க்கொண்டிருந்தது. விசிறியால் புகை தள்ளும் இன்றைய வகையில் அந்த இழப்பு குறைவு. எனவே இந்தக் கூற்று பழைய வலிமையோடு இன்று பொருந்தாது. அறைகளுக்கு இடையே சமமின்மை, உறுப்புகளின் தேய்மானம் ஆகியவை பற்றிய வாதமே மிஞ்சி நிற்கிறது. இரண்டு நிலைகளில் எரியும் ஃபர்னஸ்களும் சுடரைப் படிப்படியாகக் குறைத்துக் கூட்டும் வகைகளும் இந்தச் சிக்கலுக்கு ஒரு சமரசமாக வந்தவை.

ஐந்தாம் விடை: கேட்கும் கருவியே தவறு

தெர்மோஸ்டாட்டைக் குறைசொல்லும் மரபும் பழையதே. ஹனிவெல் 1953இல் வெளியிட்ட வட்டவடிவ டி87 போன்ற கருவிகளில் வெப்பத்தை முன்கூட்டியே உணர்த்தும் சிறு மின்தடை ஒன்று இருந்தது. அறை முழுதும் சூடாவதற்குச் சற்று முன்பே சுடரை அணைப்பது அதன் வேலை. அதன் அளவைத் தவறாக வைத்தால் ஃபர்னஸ் அடிக்கடி எரிந்து நிற்கும். இன்றைய மின்னணுக் கருவிகளில் அந்த இடத்தை ‘மணிக்கு இத்தனை சுற்று’ என்ற அமைப்பு பிடித்திருக்கிறது. சாதாரண எரிவாயு ஃபர்னஸுக்கு ஐந்து, உயர்திறன் வகைக்கு மூன்று என்பது வழக்கமான பரிந்துரை. ஃபர்னஸை மாற்றியவர்கள் இந்த எண்ணை மாற்ற மறப்பது அரிதல்ல.

கருவி இருக்கும் இடமும் முக்கியம். சூடான காற்றுவாய்க்கு எதிரிலோ, வெயில் படும் சுவரிலோ இருந்தால் அது வீட்டின் வெப்பத்தைச் சொல்லாது. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்கள் புதிய சிக்கல் ஒன்றைக் கொண்டுவந்தன. சி-ஒயர் எனப்படும் பொதுக்கம்பி இல்லாத பழைய வீடுகளில் சில கருவிகள் ஃபர்னஸின் கட்டுப்பாட்டுச் சுற்றிலிருந்தே சிறிது மின்சாரத்தைக் கறந்துகொள்கின்றன. அதனால் இணைப்பு தடுமாறக்கூடும்.

இந்த விடையின் பலம், சோதிக்க எளிது என்பது. தெர்மோஸ்டாட்டைத் தொடர்பிலிருந்து விலக்கி, தொழில்நுட்பர் ஃபர்னஸிடம் நேரடியாக வெப்பம் கேட்டுப் பார்க்கலாம். அப்போது தடையின்றி ஓடினால் குற்றம் மேலே. அப்போதும் நின்றால் குற்றம் கீழே. புதிய கருவி வாங்கிப் பொருத்திய பிறகும் சிக்கல் தொடரும் வீடுகள், பெரும்பாலும் இந்தச் சோதனையைத் தவிர்த்த வீடுகள்.

விடைகளை வரிசைப்படுத்தும் முறை

ஐந்து விடைகளில் எதையும் முன்கூட்டியே தேர்வதற்கு மாற்றாக, நிற்கும் விதத்தைக் கவனித்துத் தொடங்குவது பயன் தருகிறது. முதல் கேள்வி: வீடு கேட்ட வெப்பத்தை எட்டி நின்றதா, எட்டாமல் நின்றதா? எட்டி நின்றால் நான்காம், ஐந்தாம் விடைகளிடம் போகலாம். எட்டாமல் நின்றால் அடுத்த கேள்வி, சுற்றின் எந்தக் கட்டத்தில் என்பது. சிறு விசிறி மட்டும் ஓடிச் சுடரே பிடிக்கவில்லையானால் புகைவழியையோ பற்றவைக்கும் துண்டையோ பார்க்க வேண்டும். சுடர் சில விநாடிகளில் அணைந்தால் ஃபிளேம் சென்சர். பல நிமிடம் எரிந்து, ஊதுவிசிறி ஓடிக்கொண்டிருக்கையில் சுடர் மட்டும் அணைந்தால் காற்றோட்டம்.

கட்டுப்பாட்டுப் பலகையில் மினுங்கும் சிறுவிளக்கு இந்தத் தேடலைச் சுருக்கும். எத்தனை முறை மினுங்கினால் என்ன பொருள் என்பது பெரும்பாலும் ஃபர்னஸ் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பார்ப்பது பலருக்கு முதல் வேலை. சில பலகைகளில் அது சேமித்த குறிப்பை அழித்துவிடும். முதலில் விளக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் குறியீடு சொல்வது எந்தக் காவல் திறந்தது என்பதை மட்டும். அது ஏன் திறந்தது என்பதை மனிதர்தான் தேட வேண்டும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

எல்லாத் தரப்பும் ஒத்துப்போகும் ஒன்று உண்டு: எந்தக் காவலையும் கம்பி போட்டுத் தாண்டவைக்கக் கூடாது. குறிப்பாக ரோல்அவுட் சுவிட்ச் திறந்திருந்தால், அதன் பொத்தானை அழுத்தி மறுபடி எரியவிடுவது ஆபத்து. சுடர் வெளியே நீண்டதற்கு அடைபட்ட பரிமாற்றியோ புகைவழியோ காரணமாக இருக்கலாம்; விளைவு தீயாகவோ கார்பன் மோனாக்சைடாகவோ வரலாம். ஊதுவிசிறி ஓடத் தொடங்கும் அதே நொடியில் சுடர் அலைபாய்ந்தால் பரிமாற்றியில் விரிசல் உண்டா என்று சோதிக்க வேண்டும். விரிசல் என்று சொல்லிப் புது ஃபர்னஸ் விற்கப்படுவதாகவும் குறை சொல்லப்படுவதால், விரிசலைக் காட்டும்படி கேட்பதும் இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதும் நியாயமே.

ஒன்டாரியோவில் எரிவாயுக் கருவிகளைப் பழுதுபார்க்க உரிமம் பெற்ற தொழில்நுட்பர் வேண்டும். உடனடி ஆபத்து கண்டால் அவர் சிவப்பு அட்டை கட்டி எரிவாயுவை நிறுத்தலாம். கார்பன் மோனாக்சைடால் ஒரு குடும்பமே இறந்த பிறகு அங்கே 2013இல் நிறைவேறிய ஹாக்கின்ஸ்-கிக்னாக் சட்டம், எரிபொருள் எரியும் கருவிகள் உள்ள வீடுகளில் அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்க வழிவகுத்தது. வடிகட்டி, காற்றுவாய்கள், தெர்மோஸ்டாட் பேட்டரி, வெளிக்குழாயின் பனி, விளக்கின் குறியீடு ஆகியவற்றை வீட்டுக்காரரே பார்க்கலாம். எரிவாயு அழுத்தம், பரிமாற்றி, வால்வு ஆகியவை அளவுக் கருவியும் உரிமமும் உள்ளவரின் வேலை. ஃபிளேம் சென்சரைத் துடைப்பது எந்தப் பக்கம் சேரும் என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

இன்னும் தீராதவை

ஐந்து விடைகளையும் சேர்த்துப் பார்த்தால், அவை ஒன்றையொன்று மறுப்பதைவிட ஒன்றுக்குள் ஒன்று நுழைவதே அதிகம். அளவு மிஞ்சிய ஃபர்னஸுக்குச் சிறிய குழாய்கள் இன்னும் சிறியவையாகின்றன. நுண்ணிய வடிகட்டி அந்தக் குறையை வெளிக்கொணர்கிறது. லிமிட் சுவிட்ச் பலமுறை திறந்து மூடித் தானே நைந்துபோகிறது. இத்தகைய வீட்டில் வடிகட்டியை மாற்றியதும் சிக்கல் தீரலாம். வடிகட்டிதான் காரணம் என்பது அப்போதும் பாதி விடையே.

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. குறுகிய சுற்றுகள் இன்றைய ஃபர்னஸின் ஆயுளை எவ்வளவு குறைக்கின்றன என்பதில் தொழில்நுட்பர்களின் அனுபவம் உறுதியாகப் பேசுகிறது. அதை வீட்டின் மற்றக் குறைகளிலிருந்து பிரித்து அளப்பது கடினம். தூய காற்றுக்கும் தாராளமான காற்றோட்டத்துக்கும் இடையே எந்த வீட்டுக்கு எது சமநிலை என்பது அந்தந்த வீட்டின் குழாய்களை அளந்தால்தான் தெரியும். பெட்டியில் அச்சிட்ட எண்ணால் சொல்ல முடியாது. நிறுவனத்துக்கு நிறுவனம் குறியீடுகள் வேறுபடுவதால், விளக்கு மினுங்கியும் பலருக்கு அது புரிவதில்லை. பொதுவான ஒரு குறியீட்டு முறை வந்தால் வீட்டுக்காரருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

வெப்ப பம்புகள் ஃபர்னஸின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருப்பதால் சுடரையும் புகையையும் பற்றிய விடைகள் மெல்ல வழக்கொழியக்கூடும். காற்றோட்டம், அளவு, தெர்மோஸ்டாட் பற்றிய விடைகள் அங்கேயும் தொடரும். வெப்ப பம்புக்குக் காற்றோட்டம் இன்னும் கூர்மையான தேவை. இப்போதைக்கு நியாயமான மதிப்பீடு இதுவாக இருக்கலாம்: எந்த விடை பெரும்பாலும் சரி என்று தேடுவதைவிட, எந்தக் காவல் எப்போது திறந்தது என்று முதலில் பார்த்து, அது கண்டது உண்மையா என்பதை அளந்த பிறகே உறுப்பை மாற்றுவது. இந்த வரிசை எல்லாப் பழுதையும் கண்டுபிடித்துவிடாது. சரியாக வேலைசெய்யும் உறுப்பைக் கழற்றி எறியும் செலவையும், காவலை வாயடைக்கும் ஆபத்தையும் குறைக்கும் என்று மட்டும் சொல்லலாம்.